கிளம்பும்போது வரும் சத்தம்

"கிளம்பும்போது மட்டும்தான் வருது தம்பி. முதல் கியர்ல கிளட்ச்சை விட்டதும், அடியில டொக்குனு ஒரு அடி."

சொல்லும்போதே வக்கீலம்மாவின் டிரைவர் ஒரு கையை விரித்து, அதில் மறு கையால் குத்திக் காட்டினார்.

பத்தொன்பது வருடமாக அந்த ஒரே காரை ஓட்டுகிறவர். டயருக்குக் காற்றடிக்க வந்தால்கூட வண்டியை விட்டு இரண்டடி நகர மாட்டார். பட்டறைக்குள் அவர் பேசினால் எதிர்ச்சாரிக் கடை வரைக்கும் கேட்கும்.

அவரையே ஓட்டச் சொல்லிவிட்டு நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

தெருமுனையில் நிறுத்திக் கிளம்பினோம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"கேட்டுச்சா?" என்றார்.

உதட்டைப் பிதுக்கினேன்.

மேட்டில் ஒரு தடவை நிறுத்திக் கிளம்பினோம். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவேயில்லை. இவர் அலட்டிக்கொள்ளாமல் நிதானமாகக் கிளட்ச்சை விட்டார். "இதோ! இதோ!" என்று ஸ்டியரிங்கைத் தட்டினார்.

இன்னும் இரண்டு இடத்தில் பார்த்தோம். இரண்டு இடத்திலும் அவருக்குக் கேட்டது.

எனக்கு என் காதின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. இருபது வருடம் சுத்தியல் சத்தத்தில் கிடந்த காது. யார் கண்டது?

பட்டறைக்குத் திரும்பி வண்டியைக் குழிமேல் நிறுத்தினோம். கீழே இறங்கி, இன்ஜினைத் தாங்குகிற மவுண்டிங்குகளைக் கம்பியால் நெம்பிப் பார்த்தேன். ரப்பர் புதுசு மாதிரி இருந்தது, ஒரு வெடிப்பு இல்லை. ஆக்சிலை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினேன். சைலன்சர் எங்கேயாவது இடிக்கிறதா என்று டார்ச் அடித்தேன். லூசாக ஒரு நட்டு அகப்படவில்லை.

டிரைவர் குழியின் விளிம்பில் குத்துக்காலிட்டு, நான் பார்க்கிற இடத்தைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரிய வேலையா இருந்தா அம்மாகிட்ட சொல்லிடாதீங்க தம்பி. பழைய வண்டிக்கு எதுக்கு இவ்வளவு செலவு, தள்ளி விட்டுடலாம்னு ஆரம்பிச்சுடுவாங்க. புது வண்டி வந்தா புது ஆளு வருவான். சின்னதா ஏதாவது மாத்திச் சரிக்கட்டுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

அவருடைய மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி இருப்பது எனக்குத் தெரியும்.

மேலே ஏறியபோது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. வேலையே இல்லை என்று சொல்லப்போகிற மெக்கானிக்கை யாருக்குத்தான் பிடிக்காது? வாசல் பக்கம் போய், தெருவைப் பார்த்தபடி வக்கீலம்மாவுக்குப் போன் போட்டேன்.

"வண்டியில ஒரு குறையும் இல்லம்மா. ஓட்டிப் பார்த்தாச்சு, அடியிலயும் பார்த்தாச்சு. சத்தமே இல்ல. இன்னும் அஞ்சு வருஷம் தாராளமா ஓடும்."

வக்கீலம்மா உடனே திருப்பிக் கேட்டார்.

"அவருக்குக் கேட்டுச்சாமா?"

"ஒவ்வொரு தடவையும் கேட்டுச்சுங்கறாரும்மா."

வக்கீலம்மாவின் குரல் இறங்கிவிட்டது. கோர்ட்டில் பேசுகிற குரல் இல்லை அது.

அப்படி ஒரு சத்தம் வந்ததே இல்லையாம். வக்கீலம்மாவாகவே கட்டிச் சொன்னதாம்.

போன வாரம் ஒரு ஆம்புலன்ஸ் இவர்கள் காருக்குப் பின்னாலேயே அலறிக்கொண்டு வந்திருக்கிறது. வக்கீலம்மா பின்சீட்டிலிருந்து எட்டித் தோளை உலுக்குகிற வரைக்கும் டிரைவர் வழி விடவில்லை. கேட்டதற்கு, ஒதுங்க இடமில்லை என்றாராம். டாக்டரிடம் காதைக் காட்டிவிட்டு வரலாம் என்றால், எனக்கென்ன, பாம்புக் காது என்று சிரிக்கிறாராம்.

"மூணு நாளா, கிளம்பும்போது டொக்குனு சத்தம் வருதேன்னு சொல்லிட்டிருந்தேன். இல்லையேம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். அவரு, நானும் கேட்டேம்மா, நாளைக்கே பட்டறைக்குக் கொண்டு போறேன்னுட்டாரு. அப்பகூட மனசு ஆறாமத்தான் உங்ககிட்ட அனுப்பினேன். வண்டியில நெஜமாவே ஏதாவது இருந்துடாதான்னு."



வேறு ஆளுக்குச் சொல்லி வைத்திருப்பதாகவும், இவரிடம் எந்த வாயால் அதைச் சொல்வது என்றுதான் தெரியவில்லை என்றும் சொல்லிவிட்டு வக்கீலம்மா போனை வைத்துவிட்டார்.

மவுண்டிங் போயிருக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுகூடத் திரும்பக் கூப்பிட்டுச் சொல்லலாம், சரியாகப் பார்க்கவில்லையம்மா, இருக்கிறது என்று. நம்பரை எடுத்தேன்.

அந்த ஆம்புலன்சுக்குள் படுத்திருந்தது யாரோ.

போனைப் பையில் போட்டேன்.

டிரைவர் கிட்டே வந்து நின்றார்.

"அம்மா என்ன சொன்னாங்க?"

அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கழிவுத்துணியில் விரல்களைத் துடைத்தபடி குனிந்தே சொன்னேன்.

"வேற டிரைவர் பார்த்துட்டாங்களாம்ண்ணே."

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லதாப் போச்சு. அப்ப ஒரிஜினல் பார்ட்டாவே வாங்கி மாத்திடுங்க தம்பி."