துணிக்கு மேல் வாய்க்கரிசி

நோய் ஒழிந்து இருபது வருடமாகியும் முகக்கவசச் சட்டம் ஒழியவில்லை. வீட்டுக்குள்ளும் கழற்றக்கூடாது; சாப்பாடுகூடத் தனித்தனியாகத்தான். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு. மின்மயானத்தில் பேச்சியம்மாள் கவசத்தோடுதான் கிடந்தாள்.

"அதுக்கு மேலேயே அரிசியைப் போடுங்க பெரியவரே. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க" என்றார் சுகாதாரக் காவலர்.

அவள் புருஷன் சடையாண்டிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "வாய்க்கரிசிய துணியிலயா போடுவாக? காலம்பூரா எனக்குப் பொங்கிப் போட்டவய்யா. வெறும் வாயோட அனுப்பவா?"

"கழற்றினா ஒரு வருஷத்துக்கு உங்களுக்கு ரேஷனும் பஸ்ஸும் நின்னுரும்."

"நிக்கட்டும். அடுத்து நான் வரப்போறதும் இங்கதான். அதுக்கு பஸ் எதுக்கு? நாலு பேரு தூக்கியாருவாக."

கவசத்தைக் கழற்றி, உதட்டை விலக்கி, அரிசியை வாயில் போட்டார்.

மருமகள் அழகுமீனா எட்டிப் பார்த்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் மாமியாரின் வாயை இப்போதுதான் பார்க்கிறாள்.

"மாமா, நம்ம பயலுக்கு அப்படியே அத்தை வாய்!"

"இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்றார் கிழவர்.

காவலர் அவர் பெயரைக் குறித்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குக் கீழ எம்பேரையும் எழுதிக்கங்க சார்" என்று அழகுமீனா கை நிறைய அரிசியை அள்ளினாள்.