சுண்ணாம்பு அடித்த லாயம்

காஜா பெராங் ஊரின் மேல் மேகம் கறுத்து இறங்குகிறது. குதிரைவண்டிக்காரர் சிஹாபுதீனும் மனைவி பஷீராவும் காலையிலிருந்து லாயத்துப் பழைய வைக்கோலை வாரிக் குழியில் கொட்டி, செங்கல் தரையைத் தேய்த்துக் கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்துவிட்டார்கள். உள்ளே வெளிச்சம் பாலாய்க் கிடக்கிறது. கண் தெரியாத கிழட்டுப் பெட்டைக் குதிரையோ வாசலில் மூக்கை நீட்டிச் செருமிவிட்டுக் காலை ஊன்றி நிற்கிறது. முதல் தூறலில் அதன் முதுகு சிலிர்க்கிறது. நனைந்தால் இருமல் திரும்பிவிடும். "இழுங்களேன்" என்கிறாள் பஷீரா. "இழுத்தா வராது புள்ள. யாரு வீடோன்னு நெனைக்குது." கயிற்றை அவளிடம் கொடுத்துவிட்டுக் குழிக்குப் போகிறார். மூத்திரம் ஊறிய வைக்கோலில் ஒரு கைப்பிடி எடுத்து வந்து, கழுவிய தரையின் மூலையில் போடுகிறார். பஷீரா கண்ணை மூடிக்கொள்கிறாள். குதிரையின் நாசி விரிகிறது. ஓர் அடி வைக்கிறது, பிறகு இன்னோர் அடி. மூலையை முகர்ந்து, நீளமாக மூச்சுவிட்டு, சாவகாசமாகத் தரை முழுக்க மூத்திரம் பெய்கிறது. வெளியே மழை பிடித்துக்கொள்கிறது. பஷீரா இடுப்பில் கைவைத்து அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். பிறகு விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, குதிரையைக் காட்டிச் சொல்கிறாள்: "பீவி வீடு வந்து சேந்துட்டாங்க."