நாற்காலிச் சக்கரங்கள்

மனிதகுலத்துக்கு அறிவிப்பது என்னவென்றால், இன்று மாலை நான்கு மணிக்கு வரலாறு படைக்கப்படுகிறது. தெருநாய்கள் ஒதுங்கி நிற்கவும். பழைய சைக்கிளின் முன்பாதியில் இரும்புக்குழாயைப் பற்றவைத்துத் தானே செய்த மூன்றுசக்கர வண்டியில், தெருச்சரிவின் உச்சியில், மூத்த மகன் அமர்ந்திருக்கிறான். பின்சக்கரங்கள் இரண்டும் அப்பாவின் சக்கர நாற்காலியிலிருந்து கழற்றியவை. வழுக்கிச் சுழல்வதற்காக அவற்றின் டயர்மேல் பிளாஸ்டிக் குழாயைச் சுற்றி மாட்டியிருக்கிறான். வாசலில் அவன் மனைவி கத்துகிறாள்: "மாமா அவசரமா பாத்ரூம் போகணுங்கறாரு. சக்கரத்தைக் குடுங்க!" "ஒரே ரவுண்டுடி. அவரென்ன, ட்ரெயினையா பிடிக்கப் போறாரு?" வண்டி பாய்கிறது. பிளாஸ்டிக், தார்ச்சாலையில் கிறீச்சிட, வெயிலில் மின்னியபடி பின்பாகம் அரைவட்டம் அடிக்கிறது, தெருவே கைதட்டுகிறது. ஜன்னல் கம்பிக்குள், கட்டிலில் இருந்தபடி அப்பாவும் கையை உயர்த்துகிறார். மேதையை ஈன்ற பெருமை என்று புரிந்துகொண்ட மகன், நெஞ்சில் கைவைத்துத் தலைவணங்குகிறான்.

அப்பா படுக்கையை நனைத்துவிட்டார்.