பிளக்கைப் பிடுங்கிய பிறகும்

மதிய வெயில் தையல் மேசையில் சாய்ந்து கிடக்கிறது. தையற்கார அக்கா மூன்றாம் முறையாகக் கணினியின் பிளக்கைப் பிடுங்கிச் செருகுகிறாள். "இந்தத் தடவையும் அளவெல்லாம் காணாமப் போச்சுன்னா எனக்கு என் நோட்டே போதும்டி." பைத்தான் என்ற கணினி மொழியில் 'வாடிக்கையாளர்' என்று ஒரு மாடல் படிவம் எழுதி, தோளுக்கும் இடுப்புக்கும் டேட்டாபேஸில் தனித்தனி இடம் ஒதுக்கிய தங்கை, சேமிக்கச் சொல்லும் கடைசி வரியில் கோட்டைவிட்டிருந்தாள். இப்போது அந்த வரி இருக்கிறது. மின்விசிறிக் காற்றில் துண்டுத் துணிகள் புரள்கின்றன. திரை மெல்ல விழிக்கிறது: அக்கா, தோள் பதினைந்து, இடுப்பு நாற்பது. ஒரு எண்கூட அழியவில்லை. தங்கை மேசையை ஓங்கித் தட்டுகிறாள். ஊசிப் பெட்டி துள்ளுகிறது. "அடிப்பாவி, என் இடுப்பையா போட்டே? அழிடி!" "முடிஞ்சா பிளக்கைப் பிடுங்கிப் பாருக்கா!"