பாப்பா, பெண், நான்கு வயது

பூனைக்கும் மகளுக்கும் எங்கள் வீட்டில் ஒரே பெயர்தான், பாப்பா. இரண்டு பேரும் ஒரே மாதத்தில் வீட்டுக்கு வந்தவர்கள். பூனையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதற்கான படிவத்திலும் என் கணவர் யோசிக்காமல் அதையே எழுதிவிட்டார்: பாப்பா, பெண், நான்கு வயது. விமான நிலையத்தில் விலங்குகளைச் சோதிக்கும் அறையில் அதிகாரி ஒரு கருவியைப் பூனையின் கழுத்தில் வைத்துப் பார்த்தார். சத்தம் வரவில்லை. "சிப் போட்டீங்கல்ல?" என்றார். அடையாள எண் உள்ள அந்தச் சிப்பை டாக்டர் ஊசியால் தோலுக்கடியில் போட்டார்; அன்று மகளும் கூட வந்திருந்தாள். ஊசியின் பருமனைப் பார்த்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அழுகுரல் மட்டும்தான் கேட்டது. அதிகாரி படிவத்தைப் பார்த்து, "பாப்பா" என்று வாசித்தார். என் மகள் "ம்" என்று அவரருகே போனாள். அவர் அவள் பின்னலை விலக்கிவிட்டுக் கருவியை வைத்தார். அது கீச்சிட்டது. பதினைந்து இலக்கங்களை அவர் ஒவ்வொன்றாகப் படிக்க, என் கணவர் டாக்டர் தந்த சிப் எண் காகிதத்தில் விரல் வைத்துச் சரிபார்த்தார். கடைசி எண் வரை சரியாக இருந்தது. "சார், இது என் பொண்ணு" என்றேன். "பேப்பர்ல நீங்கதானேம்மா கையெழுத்து போட்டிருக்கீங்க" என்றார் அவர், கோபமே இல்லாமல். "ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு. கூண்டுல விடுங்க." நான் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து கூண்டின் கதவைத் திறந்து, "பாப்பா, உள்ள போம்மா" என்றார். பூனை என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தது.