மாமியார் ரூமில் நாய்க்கூண்டு

நாய்க்குட்டியைக் கூண்டோடு தூக்கி வந்து மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கிற மருமகனை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

"ஹாலில் வச்சா என்ன மாப்பிள்ளை?" மாமியார் பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாகத்தான் கேட்டாள்.

"தாயைப் பிரிஞ்சு வந்த குட்டி, ராத்திரி பூரா அழும் அத்தை. எனக்கு விடியறதுக்குள்ள பஸ்ஸை எடுக்கணும். தூக்கம் கெட்டா அத்தனை பேர் உயிருக்கு யார் பதில் சொல்றது?"

"அப்ப என் தூக்கம்?"

"நீங்க பகல்ல தூங்கிக்கலாமே!" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான் மாப்பிள்ளை.

மகளைப் பார்த்தாள். மகள் துணி மடிப்பதில் ரொம்ப மும்முரமாக இருந்தாள்.

மாமியாருக்கு வயிறு எரிந்தது. புருஷன் போன பிறகு, "தனியா இருக்காதே, வா வா" என்று இவர்கள்தான் கூட்டி வந்தார்கள். நாய்க்கு ஆயா வேலை பார்க்கவா? அவர் இருந்திருந்தால் இப்படி நடக்குமா? கேட்க நாதியில்லை என்றால் எல்லாம்தான் நடக்கும்.

விளக்கை அணைத்ததும் குட்டி கச்சேரியை ஆரம்பித்தது.

"சனியனே, வாயை மூடு!"

மூடவில்லை. கூண்டைத் தட்டினாள். இன்னும் வீறிட்டது. மனசு கேட்காமல் எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள், கப்சிப். உள்ளே விட்டால் மறுபடி அதே பாட்டு.

மறுநாள் சாயங்காலம் டூட்டி முடிந்து வந்த மாப்பிள்ளை பாடம் வேறு எடுத்தான்.

"அழும்போது எடுத்தா, அழுதா எடுப்பாங்கன்னு கத்துக்கும் அத்தை. திட்டவும் கூடாது. பக்கத்துல ஆள் இருக்குன்னு தெரிஞ்சா தானா அடங்கிடும்னு நாய் டாக்டர் சொன்னார்."

"இவ்வளவு தெரிஞ்ச நீங்க, உங்க ரூம்லயே வச்சுக்கறதுதானே?"

"குளிச்சிட்டு வந்துடறேன் அத்தை" என்று நழுவிவிட்டான். கல்லுளிமங்கன்!

அன்று ராத்திரி, தான் உடுத்திக் களைந்த புடவையைக் கூண்டுக்குள் விரித்தாள். கட்டிலை விட்டு இறங்கித் தரையிலேயே படுத்து, கம்பிக்குள் விரலை நீட்டினாள். குட்டி மோந்து பார்த்தது. நக்கியது. அப்புறம் விரல்மேலேயே தாடையை வைத்துக்கொண்டு சிணுங்கியது.

"என்னடா தங்கம், அம்மா ஞாபகமா?" என்று ஆரம்பித்தவள் பேசிக்கொண்டே போனாள். எல்லாம் அவரைப் பற்றித்தான். அவருடைய குறட்டை, ஜோடி மாற்றிச் செருப்பைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போன கூத்து, கோபம் வந்தால் பேசாமல் ரேடியோவை அலற விடுவது. குட்டிக்கு என்ன புரிந்ததோ, தூங்கிப்போனது. கதை சொன்னவளும் தூங்கிப்போனாள்.

தினமும் அதே விரல், அதே கதை. அழுகை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒரு நாள் ராத்திரி பூரா ஒரு முனகல்கூட இல்லை.

மாப்பிள்ளைக்கு அன்றைக்கு லீவு. காலையிலேயே பிடித்துக்கொண்டாள்.

"உங்க நாயைப் பழக்கியாச்சு மாப்பிள்ளை! இனிமே கூண்டை ஹாலுக்கு எடுத்துக்கலாம்."

அவன் முகம் தொங்கிப்போனது. "வேணாம் அத்தை, அங்கேயே இருக்கட்டுமே."

"ஏன்? அதான் அழலையே! இன்னும் உங்க தூக்கத்துக்கு என்ன கேடு?"

அவன் குட்டியை வாக்கிங் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மகள்மேல் பாய்ந்தாள். "பார்த்தியாடி உன் புருஷன் நியாயத்தை? தன் தூக்கம் கெடக்கூடாதாம், மாமியார் எக்கேடு கெட்டா என்னவாம்!"

மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அம்மா, நாய் அழுது அவர் தூக்கம் என்னைக்கும் கெட்டதில்ல. அது வர்ற வரைக்கும் ராத்திரி ராத்திரி தலையணைக்குள்ள முகத்தைப் புதைச்சுக்கிட்டு நீ அழுதியே... அதைக் கேட்டுட்டுத்தான் அவர் தூங்காம உட்கார்ந்திருந்தார்."