பிளெக்ஸ் மாமா

மணமேல்குடிக் கரையோரம் முழங்கால் தண்ணீரில் நின்றபடி, சின்னப் படகின் நடுவே பாய்மரமாகச் சவுக்குக் கம்பை நட்டு, மூன்று பக்கமும் கயிறு இழுத்துக் கட்டுகிறாள் இசைவாணி. பாய்க்கென்று துணி வாங்கவில்லை. அவளுடைய பூப்புனித நீராட்டு விழாவுக்குத் தாய்மாமன் ஆண்டியப்பன் வைத்த பிளெக்ஸ் பேனரை முக்கோணமாக வெட்டிவிட்டாள். அதில் அவள் படம் போய்விட்டது. கைகூப்பிய மாமாவும் ‘வருக வருக’வும் முழுசாகத் தப்பித்தன. அந்த விழாவோடுதான் இனி படகேறக் கூடாது என்று மாமா நிறுத்தினார். பேனர் இத்தனை வருஷமாகப் பரணில் கிடந்தது, அவள் வீட்டில் கிடந்தாள். அசல் மாமா இப்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையில் நிற்கிறார். “பொட்டப்புள்ளைக்குக் கடல்ல என்னடி வேல? கரையேறு!” அவள் படகில் ஏறி, லைஃப் ஜாக்கெட்டின் வாரை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறாள். பாய் படபடவென்று உச்சிக்கு ஏறுகிறது. தென்காற்று புகுந்ததும் மாமாவின் கன்னம் இரண்டும் உப்புகின்றன. கரையில் நிற்பவருக்கும் கோபத்தில் ஏறக்குறைய அதே அளவுதான். படகு சட்டென்று ஒரு பக்கம் சாய்கிறது. “பாய்க் கயித்தக் கட்டுடி, கவுந்துரும்!” “கட்டுனாத்தான் மாமா கவுந்துரும். விடத் தெரியணும்.” கையிலிருக்கும் கயிற்றைக் கொஞ்சம் விடுகிறாள், படகு நிமிர்கிறது. சுக்கானைத் திருப்புகிறாள். கரை மாமா “திரும்பி வாடி” என்று தொண்டை கிழியக் கத்துகிறார். பிளெக்ஸ் மாமாவோ பல் தெரியச் சிரித்து, கைகூப்பி, ஊரையே வருக வருக என்று அழைத்தபடி கடலுக்குள் போய்க்கொண்டிருக்கிறார்.